பொற்கொடியைக் கைவிட மறுத்த மையம்

போதைப் பழக்கத்துக்கு மாற்று மருந்து கொடுக்கும் நம்பிக்கைச்சுடர் மையத்தின் மகளிர் சிறப்புப் பிரிவில் ஒரு திட்ட மேலாளர், ஓர் ஆலோசகர், ஒரு நர்ஸ், ஒரு கணினி இயக்குநர், ஒரு வாட்ச்மேன், வேனுக்கு ஒரு டிரைவர், அவ்வப்போது வந்துபோகும் ஒரு டாக்டர் ஆகியோர் இருந்தார்கள். ஏசி இருந்தது. சுவரளவு டிவி இருந்தது. நோயாளி ஒருத்தி இருந்தாள். அவள் இலுப்பூர் பொற்கொடி.

பக்கத்துக் கட்டடம் ஆண்கள் பிரிவு. அங்கே வரிசை புதுக்கோட்டை மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். ஒரே ஜன்னல், ஒரே நர்ஸ், சுற்றாத ஒரு ஃபேன். இங்கிருந்து ஒரு நர்ஸை அங்கே அனுப்பலாமே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மகளிருக்கு வந்த நிதி வேறு, அதன் தணிக்கை வேறு. ஆகவே மகளிர் பிரிவு நர்ஸ் காலையில் பொற்கொடிக்கு மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பொற்கொடிக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பதற்காகக் காத்திருப்பார்.

பொற்கொடி கல்யாணச் சமையல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் பொம்பளை மாஸ்டர் என்றால் அவள் ஒருத்திதான். விராலிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் சாம்பார் அண்டாவை இறக்கும்போது மறுபக்கம் பிடித்தவன் போன் வந்ததென்று ஒரு கையை எடுத்துவிட்டான். அண்டா தப்பித்தது. பொற்கொடியின் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. மருந்துக்கடையில் வீரியமான வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி ஒரு மழைக்காலத்தோடு போயிற்று. மாத்திரை போகவில்லை. ஒரு வேளை போடாவிட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், மேலெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல். டெங்கு என்று நினைத்து இரண்டு தடவை ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டாள். கடைசியில் அவள் புருஷன் ஆண்டியப்பன், சமையல் கட்டில் பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்து, உள்ளே அட்டை அட்டையாக மாத்திரை இருப்பதைக் கண்டுபிடித்தான்.

மையத்தில் கொடுத்த மருந்தின் பெயர் மெத்தடோன். பிசுபிசுப்பான சிரப். வலி மாத்திரையின் இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அளவாகக் கொடுத்தால் ஆளைக் கிறக்காமல், உடம்பு மாத்திரை கேட்டு ஆட்டம் போடாமல் அடக்கி வைக்கும். அதைக் குடித்த முதல் வாரமே பொற்கொடி வயிறாரச் சாப்பிட்டாள். மாதம் திரும்புவதற்குள் கரண்டி பிடித்தாள். அந்த மருந்தை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லவும் விடமாட்டாள்.

குறை மருந்தில் இல்லை, மருந்தைக் குடிக்கும் முறையில் இருந்தது. அதைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். தினமும் காலையில் நேரில் வந்து நர்ஸ் கண்ணெதிரே குடிக்க வேண்டும். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்றுவிடக் கூடாது என்பதால், குடித்ததும் இரண்டு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். ஆண்கள் பிரிவில் பேரைச் சொன்னால் போதும். மகளிர் பிரிவில் நேரம் நிறைய இருந்ததால் மேலாளர் கோபிநாத் ஓர் உறுதிமொழி எழுதிவைத்திருந்தார். ஊழியர்கள் அனைவரும் எழுந்து நிற்க, பொற்கொடி வலது கையை நீட்டிச் சொல்ல வேண்டும்.

"நான் இன்று பருகியது என் நன்மைக்கே. நாளையும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன். மையம் என்னைக் கைவிடாது. மையத்தை நானும் கைவிட மாட்டேன்."

முதல் நாள் அவள் "பருகியது" என்ற சொல்லில் தடுக்கி விழுந்தாள். "குடிச்சதுன்னு சொல்லலாமா சார்?" என்று கேட்டாள். குடிச்சது என்றால் தப்பான அர்த்தம் வந்துவிடும் என்றார் கோபிநாத்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் தொழிலுக்கும் மையத்துக்கும் நேரம்தான் ஒத்துவரவில்லை. தமிழ்நாட்டில் முகூர்த்தம் காலையில் வருகிறது. டோஸும் காலையில் வருகிறது. முதல் பந்திக்கு இலை போடும் நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாஸ்டரை எந்தப் பெண் வீட்டார் கூப்பிடுவார்கள்? ஒரு தடவை அப்படி ஓடி, திரும்பி வருவதற்குள் ரசத்தில் தண்ணீர் விளாவி மூன்று பந்தி ஓட்டிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மண்டபத்து வாசலில் நின்று பேசிய பேச்சை அவள் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வளைகாப்பு, ரிசப்ஷன், மாலை நேரச் சடங்கு என்று மிச்சம்தான் வந்தது. அவளிடம் வேலை பார்த்த ஆட்கள் ஒவ்வொருவராக வேறு மாஸ்டரிடம் போனார்கள். கடைசியில் மிஞ்சியவன் ஆண்டியப்பன். அவனுக்கு வெங்காயம் உரிக்க மட்டும் தெரியும்.

ஆகவே ஒரு நாள் உறுதிமொழி முடிந்ததும் பொற்கொடி கோபிநாத்தின் அறைக்குப் போனாள்.

"சார், ஒடம்பு நல்லா இருக்கு. மருந்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு நிப்பாட்டிறலாம்னு இருக்கேன்."

கோபிநாத் பேனாவை மூடி வைத்தார். சாவு வீட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார்.

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களாம்மா? ஏசி சரியா வேலை செய்யலியா?"

"அதெல்லாம் இல்லைங்க சார். முகூர்த்த வேலைக்குப் போகணும்."

"இங்க பாருங்கம்மா. நம்ம மகளிர் பிரிவு ஆரம்பிச்சதுலேருந்து ஒருத்தர்கூட வெளிய போனதில்ல. தக்கவைப்பு நூறு சதவீதம். மாநிலத்துலயே நாமதான் முதலிடம். சேந்தவங்கள விடவே மாட்டோம், அதான் நம்ம பெருமை."

பொற்கொடி யோசித்தாள். "ஜெயிலும் அப்பிடித்தானுங்களே சார்?" என்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

"ஜெயில்ல இவ்வளவு வசதி இல்லம்மா," என்றார் கோபிநாத்.

அவர் கெட்டவரில்லை. சட்டென்று மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு குழு அமைத்தார். குழுவின் பெயர் மருந்தளவு குறைப்புப் பரிசீலனைக் குழு. விதிப்படி அதில் மகளிர் நோயாளிகளின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும், அவர் இல்லாமல் கூட்டம் செல்லாது. மகளிர் நோயாளிகள் கூடி ஏகமனதாகப் பொற்கொடியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் கூட்டத்தில் முந்திரி பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். கோபிநாத் பொருளை வாசித்தார். "இலுப்பூர் பொற்கொடி என்பவரின் விண்ணப்பம்." உடனே கணினி இயக்குநர் எழுந்து, சொந்த விஷயம் பேசப்படும்போது உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது என்று விதி இருப்பதை நினைவூட்டினார். பொற்கொடி வெளியே போனாள். பிரதிநிதி இல்லாததால் கூட்டம் செல்லாது என்று ஒத்திவைத்தார்கள். பொற்கொடியை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வந்ததும் கூட்டம் செல்லுபடியாகி மறுபடி தொடங்கியது. பொருளை வாசித்தார்கள். அவள் வெளியே போனாள்.

இப்படி அவள் போய் வந்துகொண்டிருந்ததை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் ஜெபக்குமார். படித்து முடித்து அதிக நாள் ஆகாதவர். கூட்டங்களில் பேசுவதற்குப் பதில் பிஸ்கட் சாப்பிடும் பழக்கம் உள்ளவர். அன்றைக்கு பிஸ்கட் தீர்ந்துவிட்டது.

"சார், ஒரு சந்தேகம்," என்றார். "டோஸ் எழுதுறது நான்தானே?"

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. சொன்ன டாக்டருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் எழுந்துபோய், வாசலில் நின்ற பொற்கொடியைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இந்த மருந்துலயே வருஷக்கணக்கா இருக்குறவங்க இருக்காங்க. அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. நிப்பாட்டியே ஆகணும்னு கட்டாயமும் இல்ல."

"தெரியும் டாக்டர். எனக்கு முகூர்த்தம் வேணும்."

"அப்பச் சரி. துளித்துளியாக் கொறைப்போம். ஒடம்பு முரண்டு பண்ணுச்சுன்னா அங்கயே நிப்போம். ரொம்ப முடியலன்னா ஏத்திக்குவோம். இது ஓட்டப்பந்தயம் கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. நடுவுல தாங்கலன்னு பழைய மாத்திரையத் தொட்டுறாதீங்க. கொறைச்ச ஒடம்பு பழைய அளவத் தாங்காது. மூச்சு நின்னுரும். மனசு அங்கிட்டுப் போச்சுன்னா எந்த நேரமானாலும் எனக்கு போன் போடுங்க."

பொற்கொடி வீட்டுக்கு வந்ததும் பெருங்காய டப்பாவை ஆண்டியப்பனை விட்டு மறுபடி ஒருமுறை தேடச் சொன்னாள். பெருங்காயம்தான் இருந்தது.

முதல் சில குறைப்புகள் தெரியவே இல்லை. பிறகு தெரிந்தது. காலையில் கண் விழிக்கும்போதே மூக்கு ஒழுகும். மதியம் கால் தானாக உதறும். உச்சி வெயிலில் புல்லரித்து, அடுத்த நிமிஷம் ரவிக்கை நனைய வேர்க்கும். மனசு வேறு சும்மா இருக்காது. புருஷன் சப்பாத்தி மெல்லும் சத்தத்தைக் கேட்டு ஒரு நாள் அழுதாள். ஆண்டியப்பன் அன்றிலிருந்து தின்னும் பொருளையெல்லாம் தண்ணீரில் நனைத்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டான்.

மகளிர் பிரிவு ஆலோசகர் கலைமதி திருமயத்துப் பெண். சமூகப்பணி படித்தவள். இத்தனை நாளும் அவளுக்கு ஆலோசனை சொல்ல வேறு ஆளுமில்லை, பொற்கொடிக்குக் கேட்க நேரமுமில்லை. இப்போது அவளுக்கு வேலை வந்தது. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மைய வளாகத்தில் கூடவே நடந்தாள். வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு கழிப்பறை வாசலில் நின்றாள். இடையிடையே கோபிநாத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கஷ்டமா இருந்தா ஏத்திக்கலாம்மா, கூச்சப்படாதீங்க," என்பார். டாக்டர் சொன்ன அதே வார்த்தைதான். அவர் வாயில் வந்தபோது கடைக்காரர் சொல்வது மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மையத்தின் ஆண்டு விழா வந்தது. பெரிய மண்டபம் பிடித்தார்கள். சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். மாதிரிப் பயனாளி என்று பொற்கொடியை மேடையில் உட்கார வைத்து, கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். எதிரே முதல் வரிசையில் கலைமதி. மருந்து குறைவதால் பொற்கொடிக்கு வரும் விலகல் அறிகுறிகளைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும்படி கோபிநாத் அவளுக்குச் சொல்லியிருந்தார். அறிகுறி பலமாக இருந்தால் மேலதிகாரி முன்னிலையிலேயே குறைப்பை நிறுத்திவிடலாம் என்பது அவர் நினைப்பு.

மேலதிகாரி பேச ஆரம்பித்தார்.

"போதை ஒழிப்புங்கிறது ஒரு நாள்ல முடியற வேலை இல்லை. முடியவும் கூடாது. நாளைக்கே எல்லாரும் விட்டுட்டாங்கன்னு வச்சுக்குங்க, இத்தனை ஊழியர்கள் எங்க போவாங்க? இத்தனை கட்டடங்கள் என்ன ஆகும்? ஆகவே நாம நிதானமா, தொலைநோக்கோட ஒழிக்கணும்."

கைதட்டல். அவர் நிதானமாகவே பேசினார். பேச்சு மதிய உணவு நேரத்தை எட்டிப்பிடித்து, தாண்டிச் சென்றது. பொற்கொடிக்கு வயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி கிளம்பியது. பல்லைக் கடித்து அடக்கினாள். அது காது வழியாக வெளியேறப் பார்த்தது. கடைசியில் மைக்கில் விழும்படி ஒரு முழுக் கொட்டாவி. கோபிநாத் திரும்பி கலைமதியைப் பார்த்தார். கலைமதி குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் கணினி இயக்குநர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு வரிசை கொட்டாவி விட்டது. எல்லாருக்கும் வேர்த்திருந்தது. எல்லாருக்கும் கால் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியிருந்தது. எல்லாரும் வெளி வாசலையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைமதி தாளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். யோக்கியமான பெண் ஆகையால் மண்டபம் முழுவதற்கும் சேர்த்துக் குறித்துவிட்டாள்.

மேடையிலிருந்து இறங்கியதும் கோபிநாத் அதை வாங்கிப் படித்தார். மேலதிகாரியின் பெயர் எதிரே 'பேச்சை நிறுத்த இயலாமை' என்று இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குறைப்பைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

கடைசிக் கட்டம்தான் கொடுமை. மருந்து கரண்டியின் அடியில் ஒட்டும் அளவுக்கு வந்த பிறகு உடம்பு அவளைச் சந்தைக்கு வந்த மாடு மாதிரி இழுத்தது. ஒரு நாள் மருந்தைக் குடித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"முடியல கலை. ஏத்தச் சொல்லிருவோமா? இந்த முகூர்த்தம் மயிரெல்லாம் எனக்கு எதுக்கு?"

கலைமதி டாக்டரைக் கூட்டிவந்தாள். ஜெபக்குமார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏத்தவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். இங்கயே நிப்போம். ஒடம்பு தேவலைன்னு சொல்ற வரைக்கும் நிப்போம்," என்றார். மருந்து அதே அளவில் நின்றது. மழைக்காலமே வந்து ஓய்ந்தது.

அன்று டாக்டர் எழுந்துபோன பிறகும் கலைமதி போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க நிப்பாட்டிட்டா இந்தப் பிரிவ மூடிருவாங்க. எனக்கு வேலை போயிரும். நீங்க ஏத்தலாமான்னு கேட்டப்ப, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோசமா இருந்துச்சுக்கா."

பொற்கொடி அவளையே பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்பளம் வாங்குறவளுக்கு அந்தச் சந்தோசம்கூட வராட்டி எப்புடி?" என்றாள். "அதுக்கு எதுக்கு அழுகுற? அழுகுறது என் வேலை. நீ போய் ஒத்தடத்துக்குத் தண்ணி காய வையி."

தை பிறப்பதற்கு முன்பே மருந்து நின்றது. சாமி வரம் கொடுத்த மாதிரியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் கிடந்தாள். இன்னொரு வாரம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். பிறகு ஒரு காலையில் தோசை முறுகலாக இருக்கிறதென்று இரண்டாவது கேட்டாள். ஆண்டியப்பன் அன்று தண்ணீரில் நனைக்காமல் சாப்பிட்டான்.

மையத்தில் வேறு சிக்கல். அவர்கள் கணினியில் ஒரு நோயாளி சிகிச்சையில் இருக்கலாம், தலைமறைவாகலாம், சிறைக்குப் போகலாம், இறக்கலாம். முடித்துவிட்டுப் போக வழியில்லை. தலைமறைவு என்று போட்டால் நூறு சதவீதம் விழுந்துவிடும். "இறப்புன்னு போட்டா சதவீதத்துல கை வைக்காது," என்று கணினி இயக்குநர் ஆசையோடு சொன்னார். கோபிநாத்துக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இரவெல்லாம் யோசித்து அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பொற்கொடி தொடர்ந்து சிகிச்சையில் இருக்கிறாள், அளவு மட்டும் பூஜ்யம்.

"தினமும் வந்து காலி கப்பக் குடிச்சிட்டுப் போனாப் போதும்மா."

"காலி கப்புல என்ன சார் குடிக்கிறது?"

"பருகுறது," என்று திருத்தினார் கோபிநாத்.

பொற்கொடி மரியாதைக்கு ஒரு நாள் போனாள். நர்ஸ் பாட்டிலைச் சாய்த்து, ஒன்றும் விழாதபடி பார்த்து ஊற்றினார். அவள் அண்ணாந்து குடித்தாள். உறுதிமொழி சொன்னாள். மறுநாள் திருமயத்தில் முகூர்த்தம். அவள் மையத்துக்குப் போகவில்லை.

திருமயத்துக் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இலை விழுந்த நேரம், மண்டபத்தின் பின்பக்கம் மையத்தின் வேன் வந்து நின்றது. கோபிநாத், நர்ஸ், கணினி இயக்குநர், வாட்ச்மேன் எல்லாரும் இறங்கினார்கள். நர்ஸ் கையில் மூடி போட்ட காலி கப்.

"இல்லம் தேடிச் சிகிச்சைன்னு புதுசா ஆரம்பிச்சிருக்கோம்மா," என்றார் கோபிநாத்.

பொற்கொடி சாம்பாரில் இருந்தாள். கரண்டியை விடவில்லை. "சார், இப்பக் கரண்டிய விட்டேன்னா மாப்பிள்ள வீட்டுக்காரவுக என்னையும் ஒங்களயும் சேத்து அண்டாவுல போட்டுருவாக. அங்கிட்டுப் போய் எலையில உக்காருங்க, சூடா இருக்கு."

அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் மூன்று தடவை சாம்பார் கேட்டார். பாயசம் வந்தபோது கோபிநாத் யாரும் பார்க்காத மாதிரி கப்பை நீட்டி அதிலும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை.

அந்த வாரமே அவருக்குப் புத்தி தெளிந்தது. தக்கவைப்பில் மட்டும்தானா நூறு சதவீதம்? விடுபட்டதிலும் நூறு சதவீதம் உண்டே. மாவட்ட மகளிர் நோயாளிகள் மொத்தம் ஒருவர், விடுபட்டவர் ஒருவர். அறிக்கை மேலே போயிற்று. புதுக்கோட்டை மாவட்ட மகளிர் பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்டார்கள் என்று அறிவித்து, கோபிநாத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பிரிவை மூடினார்கள். ஏசி கோபிநாத்தின் அறைக்குப் போனது. கலைமதிக்கு அந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

பொற்கொடிக்கு முகூர்த்தம் முகூர்த்தமாக வேலை வந்தது. பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். கலைமதியை நினைத்தால் மட்டும் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் இலுப்பூரிலேயே ஒரு மண்டபத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். பட்டுப்புடவை, கையில் மொய்க் கவர். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பெயர் அன்புச்செல்வி.

"அக்கா, ஒங்கள அந்த மண்டபத்துல மேடையில பாத்தேன். எங்க ஸ்கூல்லேருந்து கூட்டத்துக்கு ஆள் வேணும்னு எங்களக் கூட்டிட்டு வந்தாங்க. நீங்க விட்டீங்களே ஒரு கொட்டாவி." மொய்க் கவரைப் புடவைக்குள் செருகிக்கொண்டாள். "எனக்கும் அதே கொட்டாவிதான்க்கா. தோள் வலிக்குன்னு போட ஆரம்பிச்சேன். இப்ப போர்டுல எழுதுறப்ப கை நடுங்குது. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

பொற்கொடி கையைத் துடைத்தாள். "மூக்கு ஒழுகுதா?"

"ஆமாக்கா."

"டெங்கு டெஸ்ட் எடுத்தியா?"

அன்புச்செல்விக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. "ரெண்டு தடவ."

பொற்கொடி ஜெபக்குமாருக்கு போன் போட்டாள். மாத்திரையும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து, அதனால் மாத்திரையை நிறுத்தின மறுநாள் காலை நேரில் கூட்டிவரச் சொன்னார் அவர். கூட்டிப்போனாள். வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"பெண்களுக்கு இங்க கிடையாதும்மா. மாவட்டத்துல பெண்களுக்குப் பழக்கமே இல்லன்னு கேடயம் குடுத்துட்டாங்க."

"இந்தா நிக்கிறாளே, இவளுக்கு இருக்கு."

"கேடயம் உள்ள இருக்கும்மா. வேணும்னாப் பாத்துட்டுப் போங்க."

சத்தம் கேட்டுக் கோபிநாத் வந்தார். முதலில் அவர் முகம் வெளுத்தது. அன்புச்செல்வியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. ஒழித்தாயிற்று. ஒழித்ததற்குக் கேடயமும் வாங்கியாயிற்று. இப்போது மறுபடி வந்திருக்கிறதென்றால் புதுப் பிரிவு, புது நிதி, புதுத் திறப்பு விழா.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கங்க. நாளைக்கே திறந்துருவோம். கலைமதியக் கூப்பிடுங்கப்பா!"

"அதுவரைக்கும் பழைய மாத்திரைக்குப் போயிருவாளே சார்," என்றார் ஜெபக்குமார். கோபிநாத் அதைக் காதில் வாங்கவில்லை, பந்தல்காரனுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் பிரிவு மருந்து ஆண்கள் கணக்கு, அதில் கை வைக்க முடியாது. டாக்டர் அன்றைக்குச் சமாளிக்க வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அன்புச்செல்வி அன்றிரவைப் பொற்கொடி வீட்டில் கழித்தாள்.

மறுநாள் காலையில் ஏசி திரும்பி வந்திருந்தது. மகளிர் பிரிவு வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன். தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை. திருச்சியைத் தாண்டிவிட்டார் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, திருச்சிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அன்புச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். தாடை அடித்துக்கொண்டது. பொற்கொடி தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர், இவளுக்கு இப்பக் குடுக்கணும்தானே?"

"இப்பவே குடுக்கணும்." ஜெபக்குமார் ரிப்பனைப் பார்த்தார். மருந்து அதற்கு அந்தப்பக்கம் இருந்தது.

கோபிநாத் ஓடிவந்தார். "டாக்டர், திறக்காத பிரிவுல எப்படிச் சிகிச்சை குடுக்கிறது? தணிக்கையில கேப்பாங்க. விருந்தினர் கையால ரிப்பன் வெட்டணும், அப்புறம் குத்துவிளக்கு, அப்புறம் வரவேற்புரை, அதுக்கப்புறம் தாராளமாக் குடுங்க."

பொற்கொடி அன்புச்செல்வியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வாசலுக்கு வந்து, கொடிக்கயிற்றில் காயும் துணிக்கடியில் நுழைவது மாதிரி ரிப்பனை ஒரு கையால் உயர்த்திக் குனிந்தாள். "தலையக் குனிஞ்சுக்க, டீச்சர்," என்றாள். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். ஜெபக்குமார் குனிந்து போனார். கலைமதி போனாள். நர்ஸ் கோபிநாத்தைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், குனிந்தார்.

"ரிப்பனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் கோபிநாத். ஒன்றும் ஆகவில்லை. அவர் நிம்மதியாக அதன் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

தலைமை விருந்தினர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தட்டில் வைத்துக் கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்து, "இன்று முதல் இந்த மாவட்டத்துப் பெண்களுக்குக் கதவு திறக்கிறது," என்று சொல்லி ரிப்பனை வெட்டினார்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. அன்புச்செல்வி நின்றாள். நடுக்கம் நின்றிருந்தது, முகம் கழுவியிருந்தாள். பின்னால் பொற்கொடி பையும் கையுமாக.

"கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றாள் அன்புச்செல்வி. "மத்தியானம் எனக்கு ஏழாம் வகுப்பு இருக்கு."

கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே தலைமை விருந்தினர் ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதைப் பார்த்துக் கோபிநாத் ஒதுங்கினார். கோபிநாத் ஒதுங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள்.